முள்ளோடையைத் தாண்டினால் கணக்கு மாறுமா?

கெடிலக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

வீடு மஞ்சக்குப்பம், வேலை பாண்டிச்சேரி. தினமும் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கங்கணாங்குப்பம் தாண்டி, முள்ளோடை. அங்கே மாநிலம் மாறுகிறது என்பது பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிவதில்லை. மதுக்கடைகள் வரிசையாக ஆரம்பித்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். மற்றபடி அதே வயல், அதே பேச்சு, அதே ஆடி மாதக் கூழ். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

இப்போது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைக் கணக்கைப் பாருங்கள். 2022-இல் ஒரு லட்சம் பேருக்கு இந்திய சராசரி 12.4. தமிழ்நாடு 25.9. புதுச்சேரி 29.7, நாட்டிலேயே மூன்றாவது இடம். மேலே சிக்கிமும் அந்தமானும்தான். 2015-இல் புதுச்சேரி 43.2 என்று முதலிடத்தில் இருந்தது. பீகாரில் 1 கூட இல்லை.

ஒரு பாலத்தைத் தாண்டினால் மனுஷன் மாறிவிடுவானா? ஊர், தண்ணீர், வெயில், குடி, கடன், இதில் எது இந்த எண்ணுக்குள் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது.

மட்டுறுத்துனர் (இரவு 9.55)

இழை தொடரட்டும். மூன்றே விஷயம். யார், எப்படி என்ற விவரம் வேண்டாம். இறந்தவர்கள் பெயர் வேண்டாம். "இந்த ஒரு காரணத்தால்தான்" என்று யாரைப் பற்றியும் தீர்ப்பு எழுத வேண்டாம். படிக்கும்போது யாருக்காவது மனசு பாரமானால் 14416-க்கு (டெலி மானஸ், அரசு மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-உம் உண்டு.

எண்சுவடி (இரவு 10.30)

கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. புதுச்சேரியை மாநிலப் பட்டியலில் வைத்துப் பார்க்கிறோம். அளவில் அது ஒரு மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் நான்கு பிராந்தியமும் சேர்த்து சுமார் 12.5 லட்சம் பேர். ஒரே வருடத்தில் 12, 13 பேர் கூடுதலாக இறந்தாலே விகிதம் 1 ஏறிவிடும். தமிழ்நாட்டில் அந்த 1 ஏற 720 பேர் வேண்டும். அதனால் சின்ன இடங்களின் எண் வருடத்துக்கு வருடம் குதிக்கும். பட்டியலில் முதலிடத்திலும் கடைசியிலும் எப்போதும் சின்ன ஊர்களே நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, தமிழ்நாட்டின் 25.9 என்பது எல்லா மாவட்டமும் கலந்த சாம்பார். புதுச்சேரியைக் கடலூரோடும் விழுப்புரத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் "பாலத்தைத் தாண்டினால்" என்று கேட்கவே முடியாது.

ஆனால் எல்லாமே சின்ன எண்ணின் விளையாட்டு என்றும் சொல்லமாட்டேன். வெறும் விளையாட்டாக இருந்தால் சில வருடம் கீழேயும் போக வேண்டும். 2015-இல் 43.2, 2021-இல் 31.8, 2022-இல் 29.7. இறங்கியிருக்கிறது, ஆனாலும் இந்திய சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே ஏதோ இருக்கிறது.

மொட்டைமாடி (இரவு 10.41)

அப்போ பீகாரில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நாளைக்கே ரயில் ஏறிவிடுகிறேன்.

பழைய விஏஓ (திங்கள், காலை 6.15)

மொட்டைமாடி தம்பி, ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இருபத்தாறு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சாவு வீட்டுக்குப் போலீஸ் வரும்போது நானும் போய் நிற்க வேண்டும். அந்தச் சாவு விசாரணைக்கான சட்டப் பிரிவை அந்தக் காலத்தில் நாங்கள் "நூத்தி எழுபத்துநாலு" என்போம், இப்போது புதிய சட்டத்தில் 194. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை தனி. ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சிதான். வாசலில் பந்தல் போட ஆள் வந்து நிற்பான். உள்ளே பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "சார், வயித்துவலின்னு போட்டுக்கச் சொல்லுங்க" என்பார். மறுநாள் பேப்பரில் "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த" என்று வரும். எங்கள் பகுதியில் இத்தனை பேருக்கா தீராத வயிற்றுவலி என்று நானே யோசித்திருக்கிறேன். அது வலி இல்லை, ஒரு மூடி. உள்ளே காதல் இருக்கும், கடன் இருக்கும், மாமியார் சண்டை இருக்கும், பிள்ளையில்லாத பேச்சு இருக்கும்.

அரசாங்கக் கணக்கில் 2022-இல் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். பாதிக் கணக்கு இந்த இரண்டு மூட்டையில் போய் விழுகிறது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நம்மூரில் காரணத்தைத்தான் மாற்றுவார்கள், சாவையே மறைப்பது கடினம். ஆஸ்பத்திரி பக்கம், ஸ்டேஷன் பக்கம், பிரேதப் பரிசோதனை இல்லாமல் எடுக்க விடமாட்டார்கள். ஸ்டேஷனே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் விடிவதற்குள் எரித்துவிட்டால் கணக்கு எங்கே வரும்? பீகார் எண்ணை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

வெள்ளைக்கோட்டு அக்கா (காலை 7.50)

நைட் டூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் அவசரப் பிரிவில் செவிலியர்.

கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஜிப்மர் ஒரு பக்கம், மருத்துவக் கல்லூரிகள் ஒரு பக்கம். அதனால்தான் புதுச்சேரி எண் பெரிதாக இருக்கிறதா என்று கெடிலக்கரை கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவைக்கிறேன். விஏஓ ஐயா பதில் சொல்லட்டும்.

எங்களிடம் வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "பிழைச்சுக்குவாரா" என்று இல்லை. "போலீஸ் கேஸ் ஆயிடுமா சிஸ்டர்?" அந்தப் பயத்தில் என்ன நடந்தது என்றே சொல்லமாட்டார்கள். மருத்துவர் என்ன கொடுப்பது என்று தெரியாமல் நிற்பார். 2017 மனநலச் சட்டமே, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த இழையைப் படிக்கிறவர்கள் பத்துப் பேரிடம் சொன்னாலே எனக்குப் போதும்.

பழைய விஏஓ (காலை 9.05)

அம்மா, நீங்கள் கேட்டதற்கு: சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையோ, வழக்கு அங்கேதான் போக வேண்டும். இறந்தது புதுச்சேரி ஆஸ்பத்திரியாக இருந்தாலும் காகிதம் கடலூருக்கு வரும். வர வேண்டும். எல்லாக் காகிதமும் வந்து சேர்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஓய்வுபெற்றவன்.

பாகூர்க்காரி (பகல் 1.20)

எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். முள்ளோடைக் கடை வரிசை என்று அண்ணன் எழுதியதோடு சரி.

எங்கள் பக்கம் சரக்கு விலை குறைவு. தமிழ்நாட்டிலிருந்து சாயங்காலம் பைக்கில் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு அது வார இறுதி. எங்களுக்கு அது தெருமுனை. என் தெருவில் ஒன்பது வீடு, ஆறு வீட்டில் ராத்திரிச் சண்டை. குடித்த ஆளுக்கு அந்த நேரத்தில் நிதானம் போய்விடுகிறது, சாதாரணமாக இருந்தால் விடிந்ததும் மறந்துபோகிற விஷயத்துக்கு என்னவோ செய்துகொள்கிறான். குடிக்காத பெண்ணுக்கு நிதானம் இருந்தும் போக இடமில்லை.

அப்புறம் குழுக் கடன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் பதினைந்து பேர் உட்கார வேண்டும். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மீதிப் பதினான்கு பேரும் எழுந்திருக்க முடியாது. வசூலுக்கு வந்த தம்பி சத்தம்கூடப் போடமாட்டான், செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திட்டுவது நாங்களே. காலையில் வேலைக்குப் போக வேண்டிய பதினான்கு பெண்கள் ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கந்துவட்டிக்காரன் பரவாயில்லை.

2022-இல் இறந்த பெண்களில் பாதிக்கு மேல் "இல்லத்தரசி" என்று எழுதியிருக்கிறார்கள், 25,309 பேர். அது ஒரு தொழிலாம், காரணம் தேடத் தேவையில்லை.

மொட்டைமாடி (பகல் 1.34)

அக்கா, மது விலைதான் காரணம் என்றால் கடையை மூடிவிட்டால் சரியாகிவிடுமா?

பாகூர்க்காரி (பகல் 1.37)

நான் அப்படியா சொன்னேன்? படித்துவிட்டுக் கேள் தம்பி.

எண்சுவடி (பகல் 2.10)

குடி ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே சந்தேகமில்லை. ஆனால் "இந்த ஊரில் மது மலிவு, இந்த ஊரில் சாவு அதிகம், ஆகவே" என்று ஊர்க்கணக்கை வைத்துத் தனி ஆளைப் பற்றிச் சொன்னால் வழுக்கிவிடும். ஜப்பானில் ஒயிட்டா மாகாணத்தில் 18 ஊர்களின் குடிநீரில் லித்தியம் (மனநோய்க்கு மருந்தாகவும் கொடுப்பது) எவ்வளவு என்று அளந்து, அதிகமுள்ள ஊரில் தற்கொலை குறைவு என்று 2009-இல் வெளியிட்டார்கள். சுவாரசியமான விஷயம், பிறகு பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக யாரும் குழாயில் லித்தியம் கலக்கப் போகவில்லை.

சிங்காரத்தோப்பு (பகல் 2.25)

நம்ம ஊர் போர் தண்ணீரை அளந்தால் லித்தியம் மட்டும்தான் இருக்காது, மீதி எல்லாம் இருக்கும்.

முந்திரிக்காடு (மாலை 6.50)

பண்ருட்டிப் பக்கம். நாலு ஏக்கர் முந்திரி, வரப்போரம் பலா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்துவிட்டுப் போனபோது வாசலில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்க் கோபுரம் தெரிந்தது. அதுவரை நான் அங்கிருந்து அதைப் பார்த்ததே கிடையாது, நடுவில் அவ்வளவு மரம். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாய்ந்த பலாவில் ஏறி உட்கார்ந்துகொண்டார், சாயங்காலம்வரை.

புயலடித்த வாரம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் தெருவில்தான் இருந்தோம், ஒரே அடுப்பு, ஒரே அண்டா. கரண்ட் இல்லாத ராத்திரியில் சிரிப்புகூட இருந்தது. கஷ்டம் வந்தது எப்போது தெரியுமா? அடுத்த சித்திரையில். முந்திரிக்கொட்டை பொறுக்கி, அந்தக் காசில் நகையை மீட்க வேண்டிய மாதம். கொட்டை இல்லை. புதுக்கன்று வைத்தால் பலன் பார்க்க வருடக்கணக்காகும், வட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அப்போது அண்டாவும் இல்லை, கேமரா பிடித்தவர்களும் இல்லை. அவனவன் வீட்டுக்குள் அவனவன்.

2015 வெள்ளம், 2020 நிவர், 2024 ஃபெஞ்சல், எல்லாம் இதே மாதிரிதான். நிவாரணம் புயலோடு வந்து புயலோடு போய்விடும்.

நூலகமூலை (இரவு 8.15)

முந்திரிக்காடு அண்ணே, நீங்கள் சொன்னதை வேறு பாஷையில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம், 1897. போர், அரசியல் கொந்தளிப்பு மாதிரி எல்லோரும் ஒன்றாக நிற்கிற காலத்தில் தற்கொலை குறைகிறது என்று கணக்குக் காட்டினார். துன்பத்தின் அளவை விட, மனிதன் மற்றவர்களோடு எவ்வளவு கட்டுண்டிருக்கிறான் என்பதுதான் ஊருக்கு ஊர் எண்ணை மாற்றுகிறது என்பது அவர் கட்சி.

வெயிலைப் பற்றியும் ஒன்று. தாமா கார்லட்டன் என்ற பொருளியலாளர் இந்தியாவின் 1967 முதல் 2013 வரையிலான கணக்கை எடுத்து 2017-இல் வெளியிட்டார். 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் தற்கொலை கூடுகிறது, ஆனால் பயிர்க்காலத்தில் மட்டும். வயலில் ஒன்றும் இல்லாத மாதத்தில் எவ்வளவு காய்ந்தாலும் எண் அசையவில்லை. நல்ல மழை பெய்த வருடங்களில் குறைந்தது. வெயில் தலையில் ஏறுவதால் இல்லை, வயலில் ஏறுவதால் என்றுதான் நான் படித்தேன்.

எண்சுவடி (இரவு 8.40)

அந்தக் கணக்கு முறையை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுப்பும் வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வேறொரு குழு பார்த்தபோது மாத சராசரி 1 டிகிரி ஏறினால் 0.7 சதவீதம், 2.1 சதவீதம் என்று கூடியது. அங்கே பயிர்க்காலக் கதை எடுபடவில்லை. ஆனாலும் நம் ஊருக்கு உங்கள் வாசிப்பு பொருந்துகிறது.

வீராணத்தான் (செவ்வாய், காலை 11.10)

காட்டுமன்னார்கோயில் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்தும் விற்கிறேன். அதனால் இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

எங்கள் வட்டத்தில் இரண்டு கிராமத்தில் ஒரு சோதனை நடந்தது. சென்னையில் தற்கொலைத் தடுப்பு வேலை செய்யும் சிநேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு செய்தது, 2013-இல் ஆய்வாக வெளிவந்தது. வீட்டில் பூச்சிமருந்தை வைக்காதே, ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் அவரவருக்குத் தனிப் பெட்டி, பூட்டு. பேங்க் லாக்கர் மாதிரி. கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். விவசாயி காலையில் போய்ப் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு வருவானா என்று. ஆனால் வீட்டைப் பாருங்கள், மருந்து எங்கே இருக்கும்? மாட்டுக்கொட்டகை எரவாணத்தில், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில், குழந்தை தவழ்கிற இடத்தில். பூட்டுப் பெட்டி வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டது வீட்டுப் பெண்கள்தான். ஆய்விலும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றே எழுதியிருக்கிறார்கள், அந்த ஊர்களில் எண் குறைந்ததாகவும்.

இலங்கையைச் சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் உலகத்திலேயே மோசமான இடங்களில் அதுவும் ஒன்று. 1995-இலிருந்து கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருடத்தில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. விளைச்சல் விழவில்லை. அங்கே அந்த இருபது வருடத்தில் கடன் ஒழிந்ததா, குடி ஒழிந்ததா, சண்டை ஒழிந்ததா? யுத்தமே நடந்தது ஐயா. கைக்கு எட்டுகிற தூரம்தான் மாறியது.

மொட்டைமாடி (காலை 11.32)

முடிவு பண்ணினவன் வேறு வழி தேடமாட்டானா? (கிண்டல் இல்லை, நிஜமாகக் கேட்கிறேன்.)

வெள்ளைக்கோட்டு அக்கா (பகல் 12.15)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பிழைத்தவர்களைப் பார்க்கிறவள் நான். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்ததும் பெரும்பாலோர் கேட்பது "என் பிள்ளை எங்கே" என்று. பல பேருக்கு அந்த வேகம் சில மணி நேரம், சிலருக்குச் சில நிமிடம். அதைத் தாண்டிவிட்டால் அதிகம் பேர் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை, உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு தவறினால் ஒரு வருடம் போச்சு. உடனடித் துணைத் தேர்வு வந்த பிறகு "ஜூன்ல எழுதிக்கலாம்" என்று அம்மாவால் சொல்ல முடிகிறது. பாடத்தில் ஒரு வரி குறையவில்லை. ஒரு தேதியை முன்னால் கொண்டுவந்தார்கள்.

சிங்காரத்தோப்பு (பகல் 3.40)

அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. ஜப்பானில் தோக்குஷிமா மாகாணத்தில் கைஃபு என்று ஒரு கடலோர ஊர், தற்கொலை மிகக் குறைவு. ஒகா மாயுமி என்கிற அம்மா அங்கே போய் ஏன் என்று பார்த்தார். உறவு இறுக்கமாக இருக்கும், அதனால்தான் என்று நினைத்துப் போனால், இறுக்கம் பக்கத்து ஊரில்தான் அதிகம். கைஃபுவில் வாசலில் பார்த்தால் நலம் விசாரிப்பதோடு சரி. ஆனால் "நோயைச் சந்தைக்குக் கொண்டு போ" என்று அவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. உடம்போ கடனோ, முற்றுவதற்குள் நாலு பேர் காதில் போடு, எவனாவது ஒருவனுக்கு வைத்தியம் தெரிந்திருக்கும் என்று.

நம் குப்பத்தில் நேர் எதிர். சுனாமியில் யார் வீட்டில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் படகுக் கடன் எவ்வளவு என்று கூடப்பிறந்த தம்பிக்குத் தெரியாது. பஞ்சாயத்துக் கட்டு பலமான ஊர். அந்தக் கட்டு பலமாக இருப்பதாலேயே சொல்ல வாய் வருவதில்லை.

நூலகமூலை (பகல் 3.58)

துர்கைம் இங்கே கொஞ்சம் உதைபடுகிறார் :) ஆனால் அவரும் கட்டு அளவு மீறினாலும் ஆபத்து என்று எழுதியிருக்கிறார்.

கெடிலக்கரை (இரவு 11.25)

எல்லோருக்கும் நன்றி. எண்ணில் ஆரம்பித்தேன், எண்ணுக்குப் பதில் ஓரளவு கிடைத்துவிட்டது. மாவட்டத்தை மாநிலத்தோடு ஒப்பிட்டது என் தப்பு. நம் பக்கம் எண்ணுவது கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது, அதனால் எண் பெரிது. அதற்கு மேலும் இருப்பது பாகூர் அக்காவும் பண்ருட்டி அண்ணனும் சொன்னது.

விஏஓ ஐயா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் என் மச்சான். பாலத்துக்கு இந்தப் பக்கம்தான், முள்ளோடைக்கு அந்தப் பக்கம் இல்லை. ஏட்டையாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் வயிற்றுவலி என்று எழுதச் சொன்னது நான். என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது. அவனுக்கு ஆன்லைன் கடன் இருந்தது, என்னிடம் ஒரு தடவை இருபதாயிரம் கேட்டிருந்தான், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். கணக்கில் அவன் "நோய்" என்ற மூட்டையில் இருக்கிறான். மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது என்று எழுதினேன், அது மூன்று நாள் இல்லை.

பழைய விஏஓ (இரவு 11.40)

தம்பி, அந்த இருபதாயிரத்தைக் கொடுத்திருந்தால் என்று ஆரம்பிக்காதீர்கள். மட்டுறுத்துனர் முதல் நாளே சொன்னார், ஒரே காரணம் என்று யாருக்கும் எழுதக் கூடாது என்று. உங்களுக்கும் அது பொருந்தும். நான் திருப்பாப்புலியூர்தான். உங்களுக்குத் தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தூக்கம் வருவது ஒரு மணிக்கு மேல்.

வெள்ளைக்கோட்டு அக்கா (இரவு 11.52)

கெடிலக்கரை, இப்போது யாராவது கூட இருக்கிறார்களா?

கெடிலக்கரை (புதன், காலை 6.30)

இருக்கிறேன் அக்கா. ஐயாவோடு இரண்டு மணிவரை பேசினேன். மனைவி எழுந்துவிட்டாள், டீ போடுகிறாள். இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. டீ குடித்துவிட்டு அவளிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.